டோட்டில் போட்ட 100 ரூபாய் எங்கே போகிறது? வரி, கமிஷன், டிவிடெண்ட்

ஓசூர்ப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். ரேஸுக்குப் புதியவன். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்களோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்ததுதான். குதிரை, ஜாக்கி, ரேஸ் கார்டு எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பணக் கணக்குதான் பிடிபடவில்லை.

2025 செப்டம்பரில் இருந்து 40% ஜிஎஸ்டி என்கிறார்கள். அது நாம் போடும் பணத்துக்கா, ஜெயிக்கும் பணத்துக்கா? அதுபோக 30% வருமான வரி வேறு பிடிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். 40-ம் 30-ம் சேர்ந்தால் 70. ஜெயித்தவனுக்கு மிச்சம் 30 தானா? டோட்டில், அதாவது ரேஸ் கிளப் நடத்தும் பந்தயக் கவுன்ட்டரில், சேரும் பணம் யார் யாருக்குப் போகிறது என்று யாராவது முதலில் இருந்து சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை

தம்பி, 40-ஐயும் 30-ஐயும் கூட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு தொகையின் மேல் விழுபவை. முதலில் பூல், அதாவது ஒரு பந்தயத்தில் எல்லோரும் போட்டுச் சேர்ந்த பணம், எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். வரி எங்கே உட்காருகிறது என்பது அப்புறம் தானாகப் புரியும்.

புக்கியிடம் (தன் பொறுப்பில் பந்தயம் ஏற்பவர்) போட்டால் நீங்கள் அவரோடு மோதுகிறீர்கள். அவர் சொன்ன ஆட்ஸ் (ரூபாய்க்கு எவ்வளவு என்ற விகிதம்) அவர் தலையில். டோட்டில் எதிராளி கிளப் கிடையாது. அதே ரேஸில் சீட்டு வாங்கிய மற்றவர்கள்தான். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் தொடங்கி வைத்த முறை இது. எல்லோர் பணத்தையும் ஒரு குடத்தில் போடு, நடத்துபவனின் பங்கை எடு, மிச்சத்தை ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரி. எந்தக் குதிரை வந்தாலும் கிளப்புக்குக் கிடைப்பது ஒன்றுதான், அதனால் கிளப்புக்குப் பதற்றம் இல்லை.

ஒரு வின் பூல் (எந்தக் குதிரை முதலில் வரும் என்ற பந்தயம்) எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000 ரூபாய்க்குச் சீட்டு விற்றது. கணக்கு எளிதாக இருக்க கமிஷன் 10% என்று வைப்போம் (கிளப்புக்குக் கிளப், பந்தய வகைக்கு வகை இது மாறும்). பிரிக்க மிச்சம் 90,000. மூன்றாம் எண் குதிரை ஜெயித்தது, அதன் மேல் இருந்தது 22,500. 90,000-ஐ 22,500-ஆல் வகுத்தால் 4. பத்து ரூபாய்ச் சீட்டுக்கு டிவிடெண்ட், அதாவது திரும்பக் கிடைப்பது, 40 ரூபாய். இந்த 40-ல் நீங்கள் போட்ட 10-ம் அடக்கம். புதிதாக வருபவர்கள் இதை லாபம் 40 என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது வரி. இந்தியாவில் ஜிஎஸ்டி விழுவது டோட்டுக்குள் நுழையும் முழுத் தொகையின் மேல். ஜெயித்த பணத்தின் மேல் இல்லை, கிளப்பின் கமிஷன் மேலும் இல்லை. முகமதிப்பு 1,00,000 என்றால் 40% வீதம் 40,000. அதை வாங்குபவரிடம் மேலே வாங்கினால் 100 ரூபாய்ச் சீட்டுக்குக் கையிலிருந்து 140 போகும். 100-க்குள்ளேயே அடக்கினால் 71 ரூபாய் 43 காசுதான் பூலுக்குப் போய்ச் சேரும். எப்படிச் செய்தாலும் விகிதம் ஒன்றுதான்.

ஆக, மக்கள் கொடுத்தது 1,40,000. திரும்பி வந்தது 90,000. நூற்றுக்கு 64.

டைம்பாஸ்

அதான் எல்லோரும் போனில் போடுகிறார்கள் 😀

கணக்குப்பிள்ளை

சிரிப்பாகச் சொன்னாலும் அதுதான் விஷயம். கள்ள புக்கி டோட் டிவிடெண்டையே கொடுப்பான், ஜிஎஸ்டி வாங்க மாட்டான். கிளப் தன் செலவில் ரேஸ் நடத்துகிறது, டோட் விலையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, வியாபாரம் வெளியே ஓடுகிறது. ஆனால் மாட்டினால் சட்டம் சட்டம்தான். யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம், இங்கே போன் எண்களையும் பகிர வேண்டாம்.

இன்னொன்று. 10 ரூபாய்ச் சீட்டுக்கு 14 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால், டிவிடெண்ட் 14-க்குக் கீழே இருந்தால் உங்கள் குதிரை ஜெயித்தும் உங்களுக்கு நஷ்டம். ஃபேவரிட் (அதிகம் பேர் நம்பும் குதிரை) மேல் பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வரும் என்று) போட்டவர்களைக் கேளுங்கள். 11, 12, 13 என்றுதான் அங்கே டிவிடெண்ட் போகும்.

ரேஸ்கார்டு

நான் பழைய ஆள், கிண்டியில் ஆரம்பித்தவன். ஜிஎஸ்டிக்கு முன்னால் இது மாநிலங்களின் கையில் இருந்தது. நம்மூரில் 1935-ம் வருஷத்துப் பந்தய வரிச் சட்டம் என்று ஒன்று உண்டு. டோட்டுக்கு ஒரு வரி, புக்கியிடம் போடுவதற்கு ஒரு வரி என்று தனித்தனியாக வசூல். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 62-வது இனம் கேளிக்கைக்கும் பந்தயத்துக்கும் வரி போடும் உரிமையை மாநிலத்துக்குக் கொடுத்திருந்தது. ஒரு மாநிலம் வரியை ஏற்றிக் கூட்டம் குறைந்தால் இறக்கவும் வழி இருந்தது. 2017 ஜூலையோடு அது போயிற்று. இப்போது நாடு முழுக்க ஒரே விகிதம், ஆளுக்குப் பாதி என்று மத்திய அரசும் மாநிலமும் எடுத்துக்கொள்கின்றன. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும் 34-வது இனத்தில் மாநிலத்திடம் இருக்கிறது. அதாவது, தடை போடலாம், வரியைக் குறைக்க முடியாது.

சூதாட்டம் என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு. 1974-ல் ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டது, அப்புறம் 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. அந்த 1986 சட்டம் அதில்தான் அடிபட்டது. திறமை என்று தீர்ப்பான பிறகு லாட்டரியோடு ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்?

வரிவாத்தியார்

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு இங்கே கைகொடுக்காது. அந்த வழக்கில் கேள்வி, இதைச் சூது என்று சொல்லித் தடுக்க முடியுமா என்பது. வரிச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்ப்பதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் பந்தயம், சூது, கேசினோ, லாட்டரி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு என்ற வரிசையில் குதிரைப் பந்தயத்தையும் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டார்கள். பெயர் போட்ட பிறகு வாதாட என்ன இருக்கிறது?

கிளப்புகள் சும்மா இருக்கவில்லை. 2018-ல் வந்த 31ஏ என்ற ஜிஎஸ்டி விதிதான் டோட்டுக்குள் வரும் தொகை முழுவதையும் மதிப்பாக எடுக்கச் சொன்னது. பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்குப் போட்டது. பூலில் இருக்கும் பணம் எங்களுடையதே இல்லை, ரேஸ் முடிந்து பிரித்துக் கொடுக்கும் வரை பிறருக்காகக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறோம், எங்கள் வருமானம் கமிஷன் மட்டும்தான் என்று வாதம். 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்று அந்த விதியின் அந்தப் பகுதியை ரத்து செய்தது. அரசு மேலே போயிற்று. அதற்கிடையில் 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் முழு முகமதிப்புக்கு 28% என்று முடிவெடுத்துச் சட்டத்தையே திருத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 28 தான் 40 ஆனது.

இப்போது ஓசூர்ப்பையனின் 30%. இது ஜெயித்தவருக்கு மட்டும். 2026 மார்ச் வரை 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் இருந்தது, 2026 ஏப்ரலில் இருந்து 2025-ம் வருஷச் சட்டத்தில். குதிரைப் பந்தய வெற்றிக்குத் தட்டையாக 30%, அந்த வரித்தொகையின் மேல் 4% செஸ், ஆக 31.2. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதில் அடிப்படை விலக்கு கிடையாது. 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் கொடுக்கும்போதே 30% டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். முன்பு அந்த 10,000 வருஷ மொத்தத்துக்கு. 2025 ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு தனிப் பரிவர்த்தனைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

50,000 ரூபாய் ஜாக்பாட் அடித்தால் 15,000 பிடித்துக்கொண்டு 35,000 கையில் தருவார்கள். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அன்றைக்கே நீங்கள் தோற்ற சீட்டுகளுக்கு 60,000 செலவழித்திருந்தாலும் அதைக் கழிக்க முடியாது. நாள் முடிவில் 10,000 நஷ்டம், அதற்கு மேல் 15,000 வரி.

டைம்பாஸ்

நஷ்டத்துக்கு வரியா! வாத்தியாரே, குதிரை வைத்திருப்பவர்களுக்கும் இப்படித்தானா?

வரிவாத்தியார்

இல்லை. அங்கேதான் சட்டம் கொஞ்சம் இளகுகிறது. குதிரையைச் சொந்தமாக வைத்துப் பராமரித்து ஓட்டுவது தனி இனம். ஸ்டேக் பணம் (ஜெயித்த குதிரைக்குக் கிளப் தரும் பரிசு) வந்தால் தீவனம், பயிற்சியாளர் கட்டணம், லாயச் செலவு எல்லாம் கழிக்கலாம். நஷ்டம் என்றால் அதே இன வருமானத்தில் மட்டும் ஈடுகட்ட நான்கு வருஷம் தள்ளிக்கொண்டு போகலாம். கேலரியில் சீட்டுப் போடுபவனுக்கு இது எதுவும் கிடையாது.

யோகோஹாமா தமிழன்

தோற்ற சீட்டு என்றதும் நினைவுக்கு வந்தது. இங்கே ஜப்பானில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒசாகாவைச் சேர்ந்த ஒருவர் மென்பொருள் வைத்துக் கிட்டத்தட்ட எல்லா ரேஸிலும் தானாகப் பந்தயம் போட்டார். 2007 முதல் 2009 வரை அவர் போட்டது சுமார் 287 கோடி யென், வந்தது சுமார் 301 கோடி. லாபம் 14 கோடி. வரித்துறை ஜெயித்த சீட்டின் விலையை மட்டும்தான் கழிக்கவிடுவேன் என்று சொல்லி, லாபத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் வரி கேட்டு, குற்ற வழக்கும் போட்டது. 2015 மார்ச்சில் தீர்ப்பு. இப்படித் தொடர்ச்சியாக, ஒழுங்குமுறையோடு போடுபவருக்குத் தோற்ற சீட்டும் செலவுதான் என்று சொல்லிவிட்டார்கள். கணக்குக் காட்டாமல் விட்டதற்குத் தண்டனை மட்டும் நின்றது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. சாதாரணமாகப் பொழுதுபோக்குக்குப் போடுபவருக்கு இது பொருந்தாது.

பூல் விஷயத்தில் இங்கே வெளிப்படையாகவே இருக்கும். வின், பிளேஸ் என்றால் 100-க்கு 80 திரும்பும். குயினெல்லாவுக்கு (முதல் இரண்டு குதிரைகளைச் சொல்வது) 77.5. ஐந்து ரேஸ் வின்னரைச் சொல்லும் பந்தயத்துக்கு 70. எடுத்துக்கொண்டதில் விற்பனையின் 10% நேராக அரசுக் கருவூலத்துக்குப் போகும். வருஷக் கடைசியில் மிஞ்சும் லாபத்தில் பாதியும் அங்கேதான்.

பிணந்தின்னாப்புலி

கிண்டியில் 160 ஏக்கரை வருஷத்துக்கு 614 ரூபாய் குத்தகைக்கு வைத்திருந்த ரேஸ் கிளப்காரர்கள் வரி அதிகம் என்று அழுவதுதான் வேடிக்கை.

நிர்வாகி

குத்தகை வழக்குக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே இழுக்க வேண்டாம்.

சேலத்துக்காரி

நான் ரேஸ் பக்கம் போனதே இல்லை, இழையைப் படித்ததால் எழுதுகிறேன். 40 அல்ல, 80 போட்டாலும் எனக்குச் சம்மதம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் இதில் வீட்டை விற்றார். வரி கூடினால் போடுவது குறையும், அதுதானே நல்லது? பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரி கட்டுகிறோம், ரேஸுக்குக் குறைக்கச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

கணக்குப்பிள்ளை

அம்மா, குறைக்கச் சொல்லவில்லை. அரசு இப்போது எடுக்கும் பங்கையே எடுக்கட்டும். எந்த இடத்தில் எடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு கணக்குக் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் மக்கள் இழந்தது 50,000. அதில் அரசுக்கு 40,000, கிளப்புக்கு 10,000. அதாவது இழக்கும் ஒவ்வொரு 5 ரூபாயில் 4 அரசுக்கு. இதே 40 சதவீதத்தைக் கமிஷன் மேல் மட்டும் போட்டிருந்தால் வரி 4,000. விகிதம் அதே 40 தான். ஆனால் ஒன்றில் 4,000, இன்னொன்றில் 40,000. விகிதத்தை மட்டும் வைத்துச் சண்டை போடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இப்போது ஹாங்காங். அங்கே ஜாக்கி கிளப்பிடம் அரசு எடுக்கும் விகிதத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். 72.5-ல் தொடங்கி 75% வரை. ஆனால் அது பூலின் மேல் இல்லை. பரிசு கொடுத்தது போகக் கிளப்பிடம் மிஞ்சுவதன் மேல். வின், பிளேஸ் பூலில் 100-க்கு 17.5 எடுக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 12.7 முதல் 13.1 வரை அரசுக்கு, மிச்சம் கிளப்புக்கு. 82.5 ஆட்டக்காரருக்குத் திரும்புகிறது. இழப்பில் அரசின் பங்கு இங்கும் அங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: இங்கே 80, அங்கே 72-க்கு மேல். ஆட்டக்காரருக்குத் திரும்புவது மட்டும் இங்கே 64, அங்கே 82.

அங்கேயும் முதலில் இப்படி இல்லை. 2006 வரை பூலின் மொத்தத்தின் மேல்தான் வரி. 1996-97-ல் சுமார் 9,200 கோடி ஹாங்காங் டாலராக இருந்த விற்பனை பத்து வருஷத்தில் 6,000 கோடிப் பக்கம் இறங்கிவிட்டது. கள்ள புக்கிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2006-ல் வரியை மிஞ்சும் தொகைக்கு மாற்றினார்கள். பெரிய தொகை போட்டுத் தோற்பவர்களுக்கு 10% திருப்பிக் கொடுக்கக் கிளப்பால் முடிந்தது. 2013-14-ல் விற்பனை 10,000 கோடியைத் தாண்டியது. பிரிட்டனிலும் இதே கதைதான். முன்பு பந்தயக் கடையில் 9% பிடிப்பார்கள். போடும்போதே கட்டலாம், இல்லை ஜெயித்த பணத்தில் கட்டலாம். பெரிய புக்கிகள் ஜிப்ரால்டருக்குக் கிளம்ப ஆரம்பித்ததும் 2001 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு, புக்கியின் மொத்த லாபத்தில் 15% என்று வைத்தார்கள்.

பூலின் மேல் விழும் வரி ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை. ஜெயித்தவர் அந்தப் பணத்தை அடுத்த ரேஸில் போடுவார், அதற்கும் வரி. ஒரு மாலையில் ஏழு ரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாயோடு வந்த கூட்டம் திரும்பத் திரும்பப் போட்டால் சராசரியாக மிஞ்சுவது: வரியே இல்லாமல் 10% கமிஷன் மட்டும் என்றால் 478 ரூபாய். கமிஷன் மேல் 40% வரியைச் சேர்த்தால் 363. பூலின் மேல் 40% என்றால் 45 ரூபாய். பஸ்ஸுக்கு மட்டும் காசு.

சேலத்துக்காரி

கணக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வதையே திருப்பிப் போட்டால், வரி குறைந்த ஹாங்காங்கில் மக்கள் போடுவது கூடியிருக்கிறது. 6,000 கோடி 10,000 ஆனதை நீங்கள் வெற்றி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

அதில் ஒரு பகுதி புதிதாக வந்தது, ஒரு பகுதி கள்ள புக்கியிடம் இருந்து திரும்பி வந்தது. எவ்வளவு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. வரியின் நோக்கம் ஆட்டத்தைக் குறைப்பது என்று அரசு சொன்னால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வருமானம் என்று சொன்னால் இல்லை. கவுன்சில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.

ரேஸ்கார்டு

பூல் சுருங்கினால் இன்னொரு கேடு உண்டு. 20,000 ரூபாய்தான் இருக்கும் ஒரு வின் பூலில், யாரும் சீந்தாத குதிரை மேல் மொத்தமே 1,000 இருக்கிறது. போர்டில் ரூபாய்க்கு 18 என்று காட்டும். ஆசைப்பட்டு நீங்கள் ஒரு 1,000 போட்டால் பூல் 21,000, பிரிப்பது 18,900, அந்தக் குதிரை மேல் 2,000. ரூபாய்க்கு 9.45 ஆகிவிட்டது. உங்கள் சீட்டே உங்கள் விலையைப் பாதியாக்கிவிடும். பெரிய கை யாரும் டோட்டுக்கு வரமாட்டார், வராததால் பூல் இன்னும் சுருங்கும். ஸ்டேக் பணமும் கமிஷனில் இருந்துதான் வர வேண்டும். லாயத்தில் குதிரைக்கு ஒரு சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்), அவருக்கு ஒரு குடும்பம். அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிணந்தின்னாப்புலி

ரேஸ்கார்டு ஐயா, இதை ஒத்துக்கொள்கிறேன். குத்தகையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் சைஸ்கள் விஷயம் உண்மை.

டைம்பாஸ்

சில்லறையை யார் எடுக்கிறார்கள்? வகுத்தால் எப்போதும் முழு எண் வராதே.

யோகோஹாமா தமிழன்

கீழே இறக்கி முழுமையாக்குவதுதான் வழக்கம், மிச்சம் நடத்துபவருக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு டாலருக்கு 10 சென்ட் கணக்கில் இறக்குவார்கள். கென்டக்கியில் 2022-ல்தான் ஒரு சென்ட் வரை கொடுக்கச் சட்டம் மாறியது. குட்டி டிவிடெண்ட் வரும் ஃபேவரிட் மேல் போடுபவருக்கு அந்த 9 சென்ட் பெரிய தொகை.

ஓசூர்ப்பையன்

எல்லோருக்கும் நன்றி. 70 என்ற பயம் போய்விட்டது, 64 என்ற பயம் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜாக்பாட் போடுவது வழக்கம். பேப்பரில் ரிசல்ட்டில் 70%, 30% என்று இரண்டு தொகை போடுகிறார்களே, அது வரி கழித்ததா? அடித்தால் டிடிஎஸ்ஸை ஐந்தாகப் பிரிப்பார்களா?

வரிவாத்தியார்

அது வரி இல்லை. கமிஷன் போக மிஞ்சும் ஜாக்பாட் பூலில் 70% ஜாக்பாட்டில் அடங்கும் எல்லா ரேஸிலும் வின்னரைச் சொன்ன சீட்டுகளுக்கு, 30% கன்சொலேஷன், அதாவது ஒரு ரேஸ் தவறியவர்களுக்கு. பேப்பரில் வருவது டிடிஎஸ்ஸுக்கு முந்தைய தொகை, பக்கத்தில் அடைப்புக்குள் எத்தனை சீட்டு என்று இருக்கும்.

கவுன்ட்டரில் ஐந்து பேர் என்று பார்க்க மாட்டார்கள். யார் சீட்டை நீட்டிப் பான் எண் கொடுக்கிறாரோ அவர் பெயரில்தான் முழு வெற்றியும் முழு டிடிஎஸ்ஸும் ஏறும். வருமான வரித்துறைப் பதிவில் அவர் பெயரில்தான் அது இருக்கும், செஸ் பாக்கியும் ரிட்டர்னில் அவர்தான் கட்ட வேண்டும். அதனால் பணத்தைப் பிரிக்கும்போது 30% கழித்து அல்ல, 31.2% கழித்துப் பிரியுங்கள். யார் ஐந்து பேர், எவ்வளவு போட்டார்கள் என்று ரேஸுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.